என் பேரில் எரிந்தவன்

என் மீத் கர்பீர் தாமிக்கு நான் கொடுக்க வேண்டியிருந்த பாக்கி, இந்தியப் பணத்தில் இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு ரூபாய். ஒரு கோவேறு கழுதையின் விலையில் நின்றுபோன பாக்கி அது. மார்கழிக்கு முன்னால் கூடும் ஜௌல்ஜீபி சந்தையில் அவரிடமே வாங்கினேன். அடுத்த சந்தைக்குள் கொடுத்துவிடுவதாகப் பேச்சு. எழுத்து எதுவும் கிடையாது. மீத்துக்குள் எழுதி வைத்துக்கொள்வது கேவலம்.

மீத் என்றால் கூடப் பிறக்காதவனைச் சாமி சாட்சியாகக் கூடப் பிறந்தவனாக ஆக்கிக்கொள்வது. எனக்கும் அவருக்கும் ஒரே உயரம், ஒரே தோள், ஒரே மாதிரிக் கோணல் நடை. சந்தையில் எங்களைப் பக்கத்தில் பக்கத்தில் பார்த்தவர்கள் சிரித்துச் சிரித்து, கடைசியில் பண்டிதரைக் கூப்பிட்டு நெற்றியில் அட்சதை வைத்துக் கட்டிவிட்டார்கள். அதற்கப்புறம் நான் அவரைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, அவரும் என்னைக் கூப்பிட்டதில்லை. 'மீத்து' என்றுதான் கூப்பிடுவோம். அவர் மனைவி எனக்கு மிதினி. எங்களில் ஒருவர் செத்தால் மற்றவர் மொட்டை போட்டு, வெள்ளை கட்டி, உப்பில்லாமல் சாப்பிட்டுத் துக்கம் காக்க வேண்டும், சொந்த அண்ணன் தம்பிக்குச் செய்கிற மாதிரி.

அவர் வீடு காளி ஆற்றுக்கு அந்தப் பக்கம், நேபாளத்தில். என் வீடு இந்தப் பக்கம். இரண்டு கரைக்கும் ஊர்ப் பேர் ஒன்றுதான், ஜௌல்ஜீபி. என் வீட்டு வாசலில் நின்றால் அவர் வீட்டு நீலத் தகரக் கூரை தெரியும். மிதினி துணி காயப்போட்டால் எந்தத் துணி என்று பச்சுலி சொல்வாள். பச்சுலி என் மனைவி.

மழைக்காலத்தில் ஆற்றில் மணல் அள்ள முடியாது, கழுதைக்கு வேலை இருக்காது. அதனால் பிஜுலியை, அதுதான் அந்தக் கழுதையின் பேர், பச்சுலியிடம் விட்டுவிட்டு நான் மேலே ரோடு வேலைக்குப் போயிருந்தேன். மலையை வெடி வைத்து உடைத்து எல்லைக்கு ரோடு போடுகிற வேலை. கம்பெனி எல்லோருக்கும் ஒரு மஞ்சள் மழைக்கோட்டு கொடுத்திருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யார் யார் என்று மேஸ்திரிக்கே தெரியாது. மஞ்சளாக நகர்ந்தால் ஆள், நகராவிட்டால் கோட்டு என்பான்.

ஆவணி மழையில் ஒரு நாள் விடியும் முன் மலை இறங்கிவிட்டது. கூடாரங்களில் பாதி ஆற்றுக்குப் போனது. ரோடு முன்னாலும் இல்லை, பின்னாலும் இல்லை. செல்போன் கோபுரமும் சாய்ந்து, கீழே ஆற்றின் இரண்டு கரையிலும் போன் வேலை செய்யவில்லை. நாங்கள் சிலபேர் ஆட்டுக்காரர்கள் போகிற மேட்டுப் பாதையில் ஏறி, இரண்டு மலை தாண்டி, அட்டை கடித்த காலோடு கீழே வந்து சேர்ந்தோம். தார்ச்சூலா பஜாரில் கம்பெனிக்குக் கணக்கெழுதுகிற முன்ஷி ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்து வந்தவர்களிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தான். "எல்லாரும் வந்தாச்சு, எல்லாரும் வந்தாச்சு" என்று சொல்லிக்கொண்டே வாங்கினான். எனக்குப் பின்னால் இன்னும் ஆள் வந்துகொண்டிருந்தார்கள். நானும் போட்டுவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்தபோது பச்சுலி அடுப்பில் மடுவாக் கேழ்வரகு ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் எழுந்திருக்கவில்லை. ரொட்டியைத் திருப்பிப் போட்டுவிட்டுத்தான் பேசினாள்.

"வந்துட்டீங்களா. மலை விழுந்துடுச்சுன்னாங்க. ஒருத்தன் நீங்க ஆஸ்பத்திரியில இருக்கீங்கங்கறான், ஒருத்தன் நேபாளம் வழியா வர்றீங்கங்கறான். யார் பேச்சைக் கேக்கறதுன்னு தெரியாம ரொட்டி சுட்டுக்கிட்டு இருக்கேன்."

"வந்துட்டேன்ல."

"நீங்க வந்துட்டீங்க." அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். புகை என்று நினைத்தேன். "உங்க மீத் போயிட்டார்."

எனக்குப் புரியவில்லை. எங்கே போயிட்டார் என்று கேட்டேன்.

"எங்க போவார்? அந்தக் கரையில தீ எரிஞ்சுது. கூட்டம் நின்னுது. மறுநாள் மிதினி பாறை வரைக்கும் இறங்கி வந்தா. நான் இந்தப் பக்கம் நின்னேன். ஆறு கத்தற கத்தல்ல வாய் அசையறதுதான் தெரியுது. அவ நெத்தியைத் துடைச்சுக் காட்டினா. ரெண்டு கையையும் தட்டி வளையல் உடைக்கற மாதிரி காட்டினா. என்னைப் பார்த்துக் கையை நீட்டி நீட்டி அழுதா. நானும் அழுதேன். வேற என்ன செய்யறது?"

"உன்னைப் பார்த்து ஏன் கையை நீட்டினா?"

"பின்ன யாரைப் பார்த்து நீட்டுவா? நான்தானே அங்க நின்னேன்."

ரொட்டியைச் சாப்பிடாமல் ஆற்றங்கரைக்குப் போனேன். பச்சுலியும் கூட வந்தாள். மண்ணும் மரமுமாகத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் நீலக் கூரைக்குக் கீழே, மாட்டுக் கொட்டகைக்குப் பக்கத்தில், ஒருவன் தனியாக உட்கார்ந்திருந்தான். மொட்டைத் தலை. இடுப்பில் வெள்ளை. மேலே ஒரு வெள்ளைத் துண்டு. முன்னால் மூன்று கல் வைத்து அவனே சமைத்துக்கொண்டிருந்தான். தீட்டுக் காக்கிறவன் அப்படித்தான் தனியாகச் சமைப்பான். கொஞ்ச நேரத்தில் மிதினி குடத்தோடு வந்து, அவனைத் தொடாமல் தண்ணீரை ஊற்றிவிட்டுப் போனாள்.

"லலித்" என்றேன். லலித் அவருடைய மூத்த மகன். "மிதினி உயிரோட நடமாடறா. மகன் மொட்டை போட்டிருக்கான். அப்ப தகப்பன்தான்."

"அதைத்தானே நானும் சொன்னேன்" என்றாள் பச்சுலி.

இரண்டு கரைக்கும் நடுவில் இருக்கிற தொங்கு பாலத்துக்குப் போனேன். அந்தக் கரையின் தூணுக்குக் கீழே மண் அரித்துப் போயிருந்தது. கம்பிக் கதவு பூட்டியிருந்தது. காவலுக்கு ஒரு ஜவான், எங்கேயோ சமவெளிக்காரன், மழையில் நனைந்து சலித்துப் போயிருந்தான்.

"பாலம் எப்ப திறக்கும் சாப்?"

"இன்ஜினியர் வந்து பார்க்கணும்."

"இன்ஜினியர் எப்ப வருவார்?"

"ரோடு திறக்கணும்."

"ரோடு எப்ப திறக்கும்?"

"அதையும் இன்ஜினியர்தான் சொல்லணும்."

"அந்தப் பக்கம் ஒரு சேதி மட்டும் கேட்டுச் சொல்ல முடியுமா? என் மீத் வீட்டுல சாவு."

"எங்க வயர்லெஸ் எங்களோட மட்டும்தான் பேசும். அவங்க வயர்லெஸ் அவங்களோட." அவன் என் காலைப் பார்த்தான். "போய்க் காலுக்கு மருந்து போடு."

நான் மருந்து போடவில்லை. நாவிதன் ஜோகாவிடம் போனேன். விஷயத்தைச் சொன்னதும் அவன் கத்தியைத் தீட்டத் தொடங்கினான்.

"மீசையுமா?"

"மீசையும்."

"இத்தனை வருஷமா இந்த மீசைக்கு நுனி வெட்டினவன் நான். எனக்கும் துக்கம்தான்."

"அப்ப காசு வேண்டாம்னு சொல்லு."

"துக்கம் வேற, காசு வேற" என்றான்.

மீசை போன பிறகு கண்ணாடியில் பார்த்தால் யாரோ. பச்சுலி என்னைப் பார்த்து ஒரு நிமிஷம் கதவைச் சாத்தப் போனாள். அப்புறம், "கிஷன் மாதிரி இருக்கீங்க" என்றாள். கிஷன் எங்கள் மகன். டெல்லியில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பாத்திரம் கழுவுகிறான். அப்பன் மகன் சாயலில் இருப்பதும் ஒரு வேடிக்கைதான், ஆனால் அன்றைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நான் வேப்பமரத்துக்குக் கீழே ஆற்றைப் பார்த்து உட்கார்ந்தேன். எனக்கும் மூன்று கல், ஒரு பானை. உப்பில்லாத சோற்றைத் தின்றேன். அதைவிடக் கஷ்டமாக ஒன்று இருந்தது. அந்த இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு.

மீத் செத்தால் அவருக்குத் தரவேண்டியதைப் பதின்மூன்றாம் நாளுக்குள் மூத்த மகன் கையில் வைத்துவிட வேண்டும். வைக்காவிட்டால் கட்டு அறுந்துபோகும். அட்சதை வைத்த நாளெல்லாம் பொய்யாகிவிடும். அவர் போகிற வழியில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டே இருப்பார், நானோ அடுத்த பிறவியில் அவர் பிள்ளைகள் வீட்டில் கழுதையாகப் பிறந்து சுமந்து தீர்க்க வேண்டும். எங்கள் பக்கம் அப்படித்தான் நம்புகிறோம். நான் இந்தப் பிறவியிலேயே கழுதை மாதிரிதான் சுமக்கிறேன். இன்னொன்று தாங்காது.

"சந்தை வரைக்கும் தவணை இருக்குன்னு சொன்னாரே" என்றாள் பச்சுலி.

"சொன்னவர் போயிட்டாரே. தவணையும் அவரோட போச்சு."

"பிஜுலியை வித்தா மழை முடிஞ்சு எதை வெச்சு மணல் அடிப்பீங்க?"

"முதுகுல அடிப்பேன். இல்லாட்டி கழுதையா பிறக்கணும்."

"பிறங்க. உங்களை வாங்கறதுக்கும் எவனாவது கடன் வாங்குவான்."

அப்படிச் சொன்னாலும் கழுத்திலிருந்த வெள்ளி வளையத்தைக் கழற்றி என் முன்னால் வைத்தாள். தீட்டுக்காரன் கையில் கொடுக்கக் கூடாது என்று தரையில் வைத்தாள்.

பிஜுலியை மணல் காண்ட்ராக்டர் பிஷ்ட் வந்து பார்த்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார், மழையைப் பார்த்தார். "ஆவணியில கழுதை வாங்கறவன் முட்டாள்" என்றார். "உன் மேல இரக்கப்பட்டு நான் முட்டாளாகறேன். இருபதாயிரம்." சந்தையில் முப்பத்தெட்டுக்கு வாங்கிய உருப்படி. நான் பேரம் பேசவில்லை. வெள்ளி வளையத்தை அடகு வைத்ததில் மூவாயிரத்து ஐந்நூறு வந்தது. எல்லாவற்றையும் ஒரு துணியில் சுற்றி இடுப்பில் கட்டிக்கொண்டு பாலம் திறக்கக் காத்திருந்தேன். பதின்மூன்றாம் நாளுக்குள் திறக்குமா திறக்காதா என்பதுதான் எனக்கு அப்போது ஒரே யோசனை.

அந்தக் கரையில் லலித்தும் ஆற்றைப் பார்த்தே உட்கார்ந்திருந்தான். முதல் நாள் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றான். வெகுநேரம் நின்றான். இரண்டு கையையும் தூக்கித் தலைமேல் வைத்துக் கும்பிட்டான். நானும் கும்பிட்டேன். அவன் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். நானும் அழுதேன். தகப்பனை இழந்த பிள்ளைக்கு ஆறுதல் சொல்ல முடியாமல் நடுவில் இந்த ஆறு.

ஆனால் சில விஷயங்கள் எனக்குக் குழப்பமாக இருந்தன. லலித் இருபது வயதுப் பையன். இவன் எழுந்திருக்கும்போது முட்டியைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். ஒரு குச்சியை எடுத்து முதுகைச் சொறிந்துகொண்டான், அவன் தகப்பன் சொறிகிற அதே இடத்தில். துக்கத்தில் பிள்ளைகள் தகப்பன் மாதிரியே ஆகிவிடுவார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். ஒரு சாயங்காலம் மாட்டுக் கொட்டகைக்குப் பின்னால் போய்ப் பீடி பற்ற வைத்தான்.

"தீட்டு கழியலை, பீடி குடிக்கறான் பாரு" என்றேன்.

"இந்தக் காலத்துப் பசங்க" என்றாள் பச்சுலி. "நம்ம கிஷன் மட்டும் என்ன? உங்களுக்குக் கொள்ளி வெச்ச கையோட சினிமாவுக்குப் போவான்."

"மிதினி பார்த்துட்டு ஒண்ணும் சொல்லலையே. நெருப்பை அவதான் எடுத்துக் குடுத்த மாதிரி இருந்துது."

"கண்ணு சரியில்லை உங்களுக்கு."

கண் சரியில்லைதான். மேலே வெடித்தூசியில் எல்லோருக்கும் கண் போகிறது. அதனால் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மிதினி நெற்றியில் சிவப்பாக ஏதோ தெரிகிற மாதிரி பச்சுலிக்கும் ஒரு நாள் தோன்றியிருக்கிறது. அவள் அதை என்னிடம் சொல்லவில்லை. புருஷன் செத்தவளைப் பற்றி அப்படிப் பேசினால் பாவம் என்று வாயை மூடிக்கொண்டாளாம். பின்னால்தான் சொன்னாள்.

ஒருவழியாக இன்ஜினியர் வந்தார். தூணுக்குக் கீழே கம்பிவலையில் கல் நிரப்பிப் போட்டார்கள். பன்னிரண்டாம் நாள் காலை ஆறு மணிக்குக் கதவு திறக்கும், ஒரு நேரத்தில் நாலு பேர்தான் போகலாம் என்று ஜவான் சொன்னான். நான் அதற்கு முன்பே போய் நின்றுவிட்டேன். நேபாளக் கடிகாரம் நம்முடையதைவிடக் கால் மணி முந்தி ஓடுகிறது. அந்தப் பக்கம் ஆறு மணி ஆகிக் கதவைத் திறந்துவிட்டார்கள், இந்தப் பக்கம் இன்னும் பூட்டு. கம்பி வழியாகப் பார்த்தேன். லலித் பாலத்தில் ஏறி நடந்து வந்துகொண்டிருந்தான். நடுவில் எல்லைக்கோடு போட்ட இடத்தில் நின்று காத்திருந்தான். அவன் கையில் ஒரு பித்தளைச் சொம்பும் ஒரு மூட்டையும் இருந்தன.

ஜவான் பூட்டைத் திறந்ததும் நான் விறுவிறுவென்று நடந்தேன். பலகைக்குக் கீழே தண்ணீர் ஓடுகிற ஓட்டத்தில் தலை சுற்றியது. இடுப்புத் துணியை அவிழ்த்துக் கையில் எடுத்துக்கொண்டேன்.

"லலித், மகனே" என்றேன்.

அதே நேரத்தில் அவனும் வாயைத் திறந்தான். "கிஷன், மகனே" என்றான்.

குரல் லலித்துடையது இல்லை.

நான் இன்னும் இரண்டு எட்டு வைத்துக் கிட்டே போனேன். மீசை இல்லாத மேலுதடு. தலை சுரைக்காய் மாதிரி. ஆனால் இடது கண் ஓரத்தில் கழுதை உதைத்த தழும்பு. அந்தத் தழும்பு ஒரு ஆளுக்குத்தான் உண்டு.

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து என் காலைப் பார்த்தார். எங்கள் பக்கத்தில் பேய்க்குப் பாதம் பின்பக்கமாகத் திரும்பியிருக்கும். என் பாதம் அட்டைக் கடியோடு முன்பக்கமாகத்தான் இருந்தது. நானும் அவர் காலைப் பார்த்தேன். அதுவும் நேராகத்தான் இருந்தது. அவர் அப்படியே பலகையில் உட்கார்ந்துவிட்டார். நானும் உட்கார்ந்தேன். 

"நடுவுல உட்காரக் கூடாது" என்று ஜவான் கத்தினான். "இந்தப் பக்கமா, அந்தப் பக்கமா, முடிவு பண்ணுங்க."

"மீத்து" என்றார் அவர், ரொம்ப மெதுவாக. "நான் உங்களை எரிச்சுட்டேனே."

"நான் உங்களுக்குத்தான் மொட்டை போட்டிருக்கேன்" என்றேன்.

"நானும் உங்களுக்குத்தான்."

அந்தப் பக்கம்தான் போனோம். அவர் என் கையை விடவே இல்லை. வீட்டு வாசலில் மிதினி என்னைப் பார்த்ததும் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். அவளும் முதலில் காலைத்தான் பார்த்தாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்தாள். அவள் நெற்றியில் குங்குமம் பளிச்சென்று இருந்தது.

"பச்சுலிகிட்ட அழிச்சுக்கோ, உடைச்சுக்கோன்னு அவ்வளவு நேரம் காட்டினேனே" என்றாள். "அவ ஒண்ணுமே செய்யலை. சிவப்புச் சேலையில சுத்தறா. இப்படியும் ஒருத்தி இருப்பாளான்னு ஊரெல்லாம் பேசிட்டேன்."

"அவ உங்களுக்குன்னு நினைச்சா. நீங்கதான் அழிச்சுக்கிட்டீங்கன்னு."

"எனக்கா?" மிதினி தன் புருஷனைப் பார்த்தாள். "இவருக்கா?" என்று கேட்டுவிட்டு நெற்றியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

நடந்ததை என் மீத் சொன்னார். மலை இறங்கிய செய்தி வந்த மறுநாள், பாறைக்குக் கீழே அடித்து வந்த மரங்களுக்குள் ஒரு உடம்பு சிக்கியிருந்தது. முகம் தெரியவில்லை. கம்பெனியின் மஞ்சள் கோட்டு. என் உயரம், என் தோள். ஊரே வந்து பார்த்து, உன் மீத்துதான் என்று சொல்லிவிட்டது. அவருக்கும் சந்தேகம் வரவில்லை.

"போலீசுக்குச் சொல்லலையா?"

"வந்தாங்க. யாருன்னு தெரியுமான்னு கேட்டாங்க. தெரியும், என் மீத்துன்னேன். பேரைக் கேட்டாங்க. சொன்னேன். கைநாட்டு வாங்கிட்டுப் போயிட்டாங்க."

"அப்ப நேபாளத்துல நான் செத்தவன்."

"நேபாளத்துல மட்டும்தான்" என்றார் அவர், என்னைத் தேற்றுகிற மாதிரி.

அப்புறம் அவர் மொட்டை போட்டுக்கொண்டார். லலித் அந்த நாளெல்லாம் மேல் ஊரில் இருந்திருக்கிறான். பிறகு ஒரு நாள் எதிர்க்கரையில் ஒரு மொட்டைத் தலை வந்து உட்கார்ந்ததும், கிஷன் டெல்லியிலிருந்து வந்து தகப்பனுக்குத் துக்கம் காக்கிறான் என்று நினைத்து, இருந்த கொஞ்ச நம்பிக்கையையும் விட்டுவிட்டார். கிஷன் கையில் தண்ணீர் விட்டு, பதின்மூன்றாம் நாளுக்கு அரிசி கொடுக்கத்தான் சொம்பும் மூட்டையுமாகப் பாலத்துக்கு வந்தாராம். அவர் என்னைப் பார்த்து அழுதிருக்கிறார். நான் அவரைப் பார்த்து அழுதிருக்கிறேன். பீடியைப் பற்றிக் கேட்டேன். "பெத்த தகப்பன் செத்தப்பவே என்னால விட முடியலை மீத்து" என்றார்.

கொஞ்ச நேரம் சிரித்தோம். மிதினிதான் முதலில் நிறுத்தினாள்.

"அப்ப அது யாரு?"

 நான் யோசித்துப் பார்த்தேன். மேலே எங்களோடு தும்காப் பக்கத்து ஆட்கள் இருந்தார்கள், பீகார்க்காரர்கள் இருந்தார்கள், நேபாளத்துப் பையன்களும் இருந்தார்கள். முன்ஷி எல்லோரும் வந்தாச்சு என்றான். ஆனால் அவன் கையெழுத்து வாங்கும்போதே ஆள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். கோட்டை விற்றுச் சாராயம் குடித்தவர்கள் உண்டு. வாங்கிப் போட்டுக்கொண்டவன் ரோட்டு வேலைக்காரனாகவே இல்லாமலும் இருக்கலாம். ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொருவனும் அவனாக இருக்கலாம் போலவும் இருந்தது, இல்லை போலவும் இருந்தது.

"கையில பச்சை ஏதாவது குத்தியிருந்துதா? மோதிரம்?"

"நான் பார்க்கலையே" என்றார் என் மீத். "உங்களைப் பார்க்கறோம்னு நினைச்சுட்டு நான் எதைப் பார்ப்பேன்? கண்ணை மூடிக்கிட்டுத்தான் தூக்கினேன்."

தீட்டை விட்டுவிடலாமா என்று கேட்டேன். அவர் தலையை ஆட்டினார். நாளைக்கு ஒரு நாள்தான் பாக்கி, யாரோ ஒருத்தன் எரிந்திருக்கிறான், அவனுக்கென்று மொட்டை போட்டவர்கள் எங்கேயும் இருக்கமாட்டார்கள், முடித்துவிடுவோம் என்றார். சரி என்றேன். 

பிறகு நான் இடுப்புத் துணியை அவர் முன்னால் வைத்தேன். "லலித் கையில குடுக்கலாம்னு கொண்டு வந்தேன். நீங்களே இருக்கீங்க. இருபத்து மூவாயிரத்து ஐந்நூறு."

அவர் கையைப் பின்னால் இழுத்துக்கொண்டார். "அது இல்லை."

"எது இல்லை?"

"அந்தப் பாக்கி இல்லை. தீ வைக்கறதுக்கு முன்னால தலைமாட்டுல நின்னு தண்ணி விட்டு மூணு தடவை சொல்லிட்டேன். ஹயாத் சிங், பிஜுலிப் பாக்கி தீர்ந்தது, பாரமில்லாம போன்னு."

அவர் வாயில் என் பேரை அன்றைக்குத்தான் கேட்டேன். உயிரோடு இருக்கிறவன் கேட்கக் கூடாத விஷயம் அது. 

"அது எனக்குச் சொன்னதில்லையே மீத்து. வேற எவனோ வாங்கிட்டுப் போயிட்டான்."

"பேர் உங்க பேர்."

"காது என் காது இல்லை. அவனுக்கும் பிஜுலிக்கும் என்ன சம்பந்தம்? அவன் போற வழியில, யாருடா இந்த பிஜுலின்னு முழிச்சுக்கிட்டு நிப்பான்."

"தீ முன்னால சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியாது."

"நான் பிஜுலியை வித்துட்டேன்."

"வித்துட்டீங்களா?" அவருக்கு முகம் வாடிவிட்டது. "யாருக்கு?"

"பிஷ்டுக்கு. இருபதுக்கு."

"இருபதுக்கா? அந்த ஆளு சந்தையில நாப்பத்தஞ்சு சொல்லுவான். ஏன் வித்தீங்க?"

"உங்களுக்குக் குடுக்கத்தான்."

"எனக்குத்தான் வேண்டாமே."

இப்படியே போய்க்கொண்டிருந்தது. நான் துணியை அவர் பக்கம் தள்ளுவேன், அவர் என் பக்கம் தள்ளுவார். வாங்கினால் தீயில் சொன்னது பொய்யாகும் என்றார். வாங்காவிட்டால் பிணத்துக்குக் கொடுத்த தள்ளுபடியில் நான் வாழ்கிறவனாக ஆவேன் என்றேன். இரண்டு பேர் சொல்வதும் சரியாகவே பட்டது எனக்கு.

மிதினி மாட்டுக்குப் புல் போட்டுவிட்டு வந்தாள். "முடிஞ்சுதா?" என்று கேட்டாள். முடியவில்லை என்று தெரிந்ததும் எங்களுக்கு நடுவில் உட்கார்ந்து துணியை அவிழ்த்தாள்.

"விறகு வெள்ளத்துல நனைஞ்சு கிடைக்கலை, மேல் ஊர்ல இருந்து வாங்கினோம். நெய், துணி, பண்டிதர், நாளைக்குப் பதின்மூணாம் நாள் சாப்பாடு. எங்க பணத்துல ஒன்பதாயிரத்து அறுநூறு. உங்க பணத்துல ஆறாயிரம்." நோட்டுகளை எண்ணித் தனியாக வைத்தாள். "இது உங்க சாவுச் செலவு. குடுத்துட்டுப் போங்க."

"என் சாவே இல்லையே மிதினி."

"உங்க பேர்ல நடந்துதா இல்லையா?"

"நடந்துது."

"உயிரோட இருக்கறவர் தன் பேர்ல ஆன செலவைக் குடுக்கணுமா வேண்டாமா? இல்லாட்டி அந்தப் புண்ணியவானை எழுப்பிக் கேக்கட்டுமா?"

 அவள் மிச்சம் பதினேழாயிரத்து ஐந்நூறை அதே துணியில் சுற்றி என் மடியில் போட்டாள்.

"இது தீயில எரிஞ்ச பாக்கி. எரிஞ்சது எரிஞ்சதுதான். ஆறாயிரம் வாங்கிட்டோம், உங்களுக்கும் குறை இல்லை. இனிமே இந்த வீட்டுல அந்தக் கழுதை பேர் வரக் கூடாது."

அந்தப் பணத்தில் பச்சுலியின் வெள்ளியை மீட்கலாம். பிஜுலியை மீட்க முடியாது. மழை நின்றால் என் முதுகுதான். கணக்கு எனக்கு லாபமா நஷ்டமா என்று அங்கே உட்கார்ந்து யோசித்தேன், இப்போதும் யோசிக்கிறேன், பிடிபடவில்லை.

என் மீத் சொம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார், முட்டியைப் பிடித்துக்கொண்டே. என் இரண்டு கையையும் விரிக்கச் சொல்லித் தண்ணீர் விட்டார். "தீர்ந்தது மீத்து" என்றார். இன்னும் கொஞ்சம் விட்டார். "தீர்ந்தது மீத்து." மூன்றாவது தடவை தண்ணீரை என் கையில் விடாமல் தரையில் விட்டார். ஆற்றுப் பக்கம் திரும்பி, பேர் எதுவும் சொல்லாமல், "தீர்ந்தது" என்றார்.